நம்ம ஊரில் மீட்டர் கேஜ் டீசல்

கேள்வி: குமரி மாவட்டத்தில் மீட்டர் கேஜ் டீசல் எஞ்சின் ஓடியதுண்டா?
– தக்கலை வாசகர்

பதில்: இல்லை. 1979-ல் நமக்கு ரயில் வந்தபோதே அகலப்பாதைதான். பந்திக்குப் பிந்தினாலும் பெரிய இலை கிடைத்தது! ஆனால் வடக்கே, 1904-ல் திறந்த செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில், நீராவிக்குப் பிறகு ஒய்.டி.எம்-4 என்ற மீட்டர் கேஜ் டீசல் எஞ்சின்தான் ராஜா. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆல்கோ கம்பெனியிடமிருந்து வந்தது. 1968 முதல் வாராணசியிலேயே செய்தார்கள். ஆறு சிலிண்டர், நீண்ட மூக்கு, கடைசியில் கேபின். மூக்கு முன்னால் போனால், வளைவுக்கு வளைவு டிரைவர் எட்டி எட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பாதையின் பதிமூன்று கண் பாலத்தில் அது உறுமிக்கொண்டு ஏறுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். அகலப்பாதை வேலைக்காக 2010-ல் அந்த ஓட்டமும் நின்றது. ஆசை விடவில்லையா? குன்னூரில் ஊட்டி ரயில் ஏறுங்கள். அங்கே இன்னும் இதே எஞ்சின்தான் இழுக்கிறது.