மாப்பிள்ளையும் மாமனார் வீடும்

கேள்வி: மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆகாது என்கிறார்கள். மருமகனும் மாமனார் வீடும் மட்டும் ஒற்றுமையாக இருப்பது எப்படி?

பதில்: அந்த ஒற்றுமையில் பாதிப் பெருமை ஊர் திரும்பும் பேருந்துக்குச் சேர வேண்டும். தலைதீபாவளிக்கு வருகிறவர் புது வேட்டியோடு மூன்றாம் நாள் கிளம்பிவிடுகிறார். அதற்குள் யாரோடு சண்டை வரும்? மருமகளோ அடுப்படி, வீட்டுச் செலவு, பிள்ளை வளர்ப்பு எல்லாவற்றையும் அன்றாடம் மாமியாரோடு பகிர வேண்டும். ஆணுக்குப் பொறுமை அதிகம் என்பதெல்லாம் இல்லை. இலங்கையில் மட்டக்களப்புப் பக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மணமான ஆண் மனைவி வீட்டில் குடியேறுவது நெடுநாள் வழக்கம். வீடு பெண்ணுக்கே சீதனம். நாளடைவில் அவள் பெற்றோர் அதே வளவிலோ அருகிலோ தனி வீட்டுக்கு மாறிக்கொள்வார்கள். பாசம் இருக்கிறது, அடுப்பு வேறு. சேர்ந்தே இருந்தால் ஆணுக்கும் உரசும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் விருந்தாளியாகவே இருந்துவிடலாமே என்று கேட்பீர்கள். மாமனார் நடமாடும்வரை அது சரி. அவர் படுத்துவிட்டால் அந்த மரியாதைத் தூரம் மகளைத்தான் வதைக்கும், அதிலும் அவள் ஒரே பிள்ளையென்றால். இந்தியாவில் பெற்றோர் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகள் என்று மகன், மகள், பேரன், பேத்தியைச் சொன்னது, மருமகனைச் சொல்லவில்லை. 2019இல் வந்த திருத்த மசோதா மருமகன், மருமகள் இருவரையும் சேர்க்க முனைந்தது. சட்டத்துக்குக் காத்திராமல், மாமனாரை மருத்துவரிடம் அழைத்துப்போகும் பொறுப்பை மாப்பிள்ளை இப்போதே ஏற்கலாம்.