லாக் பண்ணியாச்சுண்ணே

இனி ஒரு வெட்டும் மாறாது என்று பொருள்படும் இந்த வாக்கியத்தை நம் எடிட்டர் சொன்னால், படம் முடிய இன்னும் ஒரு மாதமாவது ஆகும் என்று சென்னையில் இருக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

தூத்துக்குடியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் தெருவுக்கு ஒருவர். நம்மவர் அதில் தனி ரகம். கல்யாணம், சடங்கு, ஜூலை 26-இல் கொடியேறி ஆகஸ்ட் 5-இல் நிறையும் பனிமய மாதா திருவிழா என்று வயிற்றுப்பாட்டைப் பார்த்துக்கொண்டே, சங்குகுளிக்கிறவர்களைப் பற்றி ஓர் ஆவணப்படமும் எடுத்து வருவார். கல்யாண வீடியோ என்றால் தானே முடித்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம். ஆவணப்படத்துக்கு நிறம் பார்க்க ஒரு கலரிஸ்ட், ஒலி கலக்க ஒருவர் வேண்டும். அந்த இருவரும் சென்னையில் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில்தான் அவர் படமே எடுப்பார்.

திரேஸ்புரத்தில் உச்சி வெயிலில் எடுத்த காட்சியில் ஆளின் முகம் கறுத்திருக்கும், கடல் வெளுத்திருக்கும். “கிரேடிங்ல பாத்துக்கிடலாம்.” முங்கி முங்கியே நரைத்துப்போன பெரியவர் ஒருவரை ஓடுகிற வல்லத்தில், இஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பேசச் சொல்லியிருப்பார். வாய் அசைவது பெரியவர், பேசுவது டீசல். “மிக்ஸிங்ல எடுத்துருவாங்க.” பனிமய மாதாவுக்கு அடுத்தபடி அவர் பாரத்தை இறக்கிவைப்பது இந்த இரண்டு சந்நிதிகளில்தான்.

முறைப்படி அவர்களுக்கு அனுப்ப வேண்டியது ரொம்ப இல்லை. குப்பை நீக்கி ஒரே தடத்தில் அடுக்கிய டைம்லைன், அதன் எக்ஸ்எம்எல், அசல் ஃபுட்டேஜ், டைம்கோடு பொறித்த ரெஃபரன்ஸ் வீடியோ. ஒலிக்காரருக்கு ஒலித் துண்டுகளை அடுக்கிய ஏஏஎஃப் கோப்பு, அதில் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னும் பின்னும் சில விநாடி மிச்சம் விட்டிருக்க வேண்டும். படம் தொடங்க இரண்டு விநாடி இருக்கும்போது ஒரே ஃப்ரேம் நீளத்துக்கு ஒரு ‘பிப்’. கலந்த ஒலியைப் படத்தோடு மறுபடி சேர்க்கும்போது இடறாமலிருக்க அதுதான் குறி.

அவர் அனுப்புவது ஒரு ஹார்ட் டிஸ்க். உள்ளே ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘மாதா சத்தியமா ஃபைனல்’, கூடவே யார் வீட்டுச் சடங்கு வீடியோவோ ஒன்று. முத்துநகர் எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகிற தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்துவிடுவார். துணைக்கு மக்ரூன். தொட்டால் நொறுங்குகிற பண்டமாயிற்றே என்று அதற்கு மூன்று சுற்றுக் காகிதம். ஹார்ட் டிஸ்குக்கு ஒரு ரப்பர் பேண்ட்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். எடுத்தவர் அதை அழுகவிட்டுக் கழுவிப் பார்க்கும்போதுதான் முத்தா வெறும் ஓடா என்று தெரியும். இந்தக் கரையில் 1961-ஓடு அது நின்றுவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு திறக்கிற வேலை மட்டும் இன்று கலரிஸ்டிடம் வந்திருக்கிறது.

ஹார்ட் டிஸ்கைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு: மீடியா ஆஃப்லைன்.

“பிரதர், ஃபுட்டேஜ் எங்க?”

“டெஸ்க்டாப்லதாம்ணே இருக்கு.”

“யார் டெஸ்க்டாப்ல?”

இப்படியே ஒரு வாரம் ஓடும். டைம்லைன் 25 ஃப்ரேமில் இருக்க, ட்ரோன் 30-இல் பறந்திருக்கும். முக்கியமான காட்சியொன்று மச்சான் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாக இருக்கும். எல்லாம் கூடிவரும் வேளையில் ஃபோன் வரும்: “அண்ணே, தொடக்கத்துல நாலே நாலு ஃப்ரேம் மட்டும் எடுத்திருக்கேன். ஒண்ணும் தெரியாது.” அவருக்குத் தெரியாதுதான். அதற்குப் பின்னால் வருகிற படம் மொத்தமும் நாலு ஃப்ரேம் முன்னால் நகர்ந்து, பெரியவர் வாயை மூடிய பிறகும் பேசிக்கொண்டிருப்பது ஒலிக்காரருக்குத்தான் தெரியும்.

அவரை வெறும் அரைகுறை என்று தள்ளிவிடவும் முடியாது. கலரிஸ்ட் ஆசை ஆசையாகக் கடலை நீலமாக்கி அனுப்புவார். இவர் அதைக் கைப்பேசியில், நடுத்தெருவில், வெயிலில் நின்றுதான் பார்ப்பார். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

“இது நம்ம கடல் இல்லண்ணே. புன்னக்காயல் பக்கம் எடுத்தது. கார்த்திகை மழைத் தண்ணி ஆத்தோட வந்து கலந்திருக்கு, கலங்கித்தான் கெடக்கும். நீலமா காட்டுனா எங்க ஆளுக சிரிப்பாங்க.”

கலரிஸ்ட் நீலத்தைக் குறைப்பார். இந்த ஒரு விஷயத்தில் அவரிடம் எதிர்ப்பேச்சு கிடையாது.

ஒலிக்காரரின் கதை வேறு. நாலு ராத்திரி கண்விழித்து, டீசல் சத்தத்தை இழை இழையாகப் பிரித்தெடுத்து, பெரியவரின் குரலைக் கண்ணாடி மாதிரி துலக்கி அனுப்புவார். அரை மணியில் அழைப்பு வரும்.

“இஞ்சின் எங்கண்ணே போச்சு? அது இல்லாம வல்லம் எப்படி ஓடும்?”

ஒலிக்காரர் மறுபேச்சுப் பேசாமல், துடைப்பதற்கு முன்னிருந்த பழைய ஒலியையே எடுத்து ஒட்டி அனுப்புவார்.

“இப்பதாம்ணே உயிரோட இருக்கு. என்ன இருந்தாலும் மிக்ஸிங்னா மிக்ஸிங்தான்!”