பத்துப் பண்புகளும் ஒரு மேனேஜரும்

1982-ல் கோவில்பட்டியில் ஒரு வங்கிக் கிளையில் கிளார்க்காகச் சேர்ந்தேன். எங்கள் மேனேஜருக்குத் தலைமைப் பண்பு என்று எதுவும் கிடையாது. இது எனக்கு 2019 வரை தெரியாது. அந்த வருஷம்தான் ஒரு ஏசி ஓட்டலில் எங்களை உட்காரவைத்து, நல்ல தலைவருக்கு வேண்டிய பத்துப் பண்புகளைத் திரையில் காட்டினார்கள். ஒவ்வொன்றாக அவரோடு வைத்துப் பார்த்தேன். மனிதர் தேறவே இல்லை.

சிரித்த முகம்? சம்பள நாளன்றுகூடக் கிடையாது. பாராட்டு? "தப்பில்ல வே" என்பதுதான் உச்சம். காது கொடுத்துக் கேட்பது? லீவு கேட்டுப் போனால், சொல்லி முடிப்பதற்குள் பேனாவை மூடிவிடுவார். பத்து மணி தாண்டினால் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு. பஸ் நின்றுபோனது பஸ்காரன் பாடு. பியூனைத் தன் வீட்டுக்குக் காய்கறி வாங்க அனுப்புவார். அதை மட்டும் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

அப்போது வங்கிகளுக்கு டிசம்பர் 31-தான் ஆண்டுக் கடைசி. லெட்ஜர் லெட்ஜராகக் கையால் கூட்டி, பொதுப் பேரேட்டோடு ஒத்துப்போக வைக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கும் ஒத்துப்போகாது. மேனேஜர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எங்கள் பெஞ்சில் வந்து உட்காருவார்.

"வித்தியாசம் எவ்வளவு வே?"

"நாப்பத்தஞ்சு ரூவா சார்."

"ஒம்பதால வகுபடுதுல்லா? அப்ப எவனோ இலக்கத்த மாத்திப் போட்டிருக்கான். அறுபத்தொண்ண பதினாறுன்னு எழுதியிருப்பான். தேடும்."

தேடினால் இருக்கும். லெட்ஜரில் ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் எழுதியவரின் இனிஷியல் உண்டு. அந்த 'எவனோ' யாரென்று பார்க்க அரை நொடி போதும். அவர் பார்க்க மாட்டார். திருத்திவிட்டு, பரோட்டா சால்னாவுக்கு ஆள் அனுப்பிவிடுவார். காசு அவருடையது.

ஒருமுறை அடகு வைத்த நகை ஒன்று முலாம் பூசியது என்று ஏலத்தின்போது தெரியவந்தது. மதிப்பீட்டாளரும் கடன் பிரிவு ஆசாமியும் வெலவெலத்துப்போனார்கள். யார் பொறுப்பு என்று மேலிடத்திலிருந்து மெமோ வந்தது. என்ன பதில் போனதென்று எங்களுக்குத் தெரியாது. பிற்பாடு சம்பளப் பட்டியல் போடுகிறவர்தான் கண்டுபிடித்தார், மேனேஜருக்கு ஒரு இன்கிரிமென்ட் நின்றுபோயிருந்தது. கிளையில் நடந்ததற்கு நானே பொறுப்பு என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நன்றி சொல்லப் போன கடன் பிரிவு ஆசாமிக்கு, அன்றைக்கு வந்த நேரத்துக்காகச் சிவப்புக் கோடு கிடைத்தது.

இனி 2019. பயிற்சியாளர் சதீஷ் தவான் கதையைச் சொன்னார். 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 கடலில் விழுந்தபோது, இஸ்ரோ தலைவர் தவான் தானே பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். 1980 ஜூலையில் ராக்கெட் ஜெயித்தபோது திட்ட இயக்குநர் அப்துல் கலாமைப் பேசவிட்டார். முதலில் கைதட்டியவர் எங்கள் புது மேனேஜர். கண்கூடக் கலங்கியது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன்.

அவரிடம் பத்துப் பண்பும் உண்டு. காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ரோஜாப்பூவோடு குட்மார்னிங். பிறந்த நாளுக்கு கேக். எல்லோரையும் 'டீம்' என்றுதான் கூப்பிடுவார். அன்று மாலை நான்கு மணிக்கு, ஒரு கணக்கில் கே.ஒய்.சி. சரியில்லை என்று மண்டல அலுவலகத்திலிருந்து மெயில் வந்தது. பதிவு செய்தது யார் என்று கம்ப்யூட்டர் பெயரோடு காட்டிவிட்டது. நாலு ஐந்துக்கு அந்த மெயில் சேர்ந்து ஆறு மாதமான ஒரு பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. "விளக்கம் தரவும்" என்பதற்குப் பக்கத்தில் ஒரு கும்பிடு எமோஜி. மண்டல அலுவலகத்துக்கும் ஒரு நகல்.

பாவம், அவரையும் தினமும் ராத்திரி வீடியோ மீட்டிங்கில் காய்ச்சுகிறார்கள். இன்சூரன்ஸ் டார்கெட் ஒரு பக்கம், வாராக்கடன் ஒரு பக்கம். அவருக்கு மேலே இருப்பவர்களும் இதே பத்துப் பண்புகளில் பயிற்சி பெற்றவர்கள்.

மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. உங்கள் மேலாளரின் தலைமைப் பண்புக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. மதியத்துக்குள் குரூப்பில் மேனேஜரின் செய்தி வந்தது: "டீம், எல்லோரும் ஐந்து போட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆறு மணிக்குள் இங்கே போடவும்."