கூட்டிப் பார்க்கும் குணம்

தலைமைத் தபால் நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில், கோடையிலும் குழாயில் தண்ணீர் வருகிற வீடொன்று (திண்டுக்கல்லில் இதைவிடப் பெரிய பாக்கியம் எது?) என் அண்டை வீட்டு அன்பருக்குச் சென்ற வாரம் வாடகைக்குக் கிடைத்தும், அதன் பின்கோடாகிய 624001-ஐக் கூட்டினால் பதின்மூன்று, பதின்மூன்றைக் கூட்டினால் நான்கு, நான்கோ ராகு என்று சொல்லி, முன்பணத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் குடிபெயர்வார் என்று மனப்பூர்வமாக நம்பியிருந்த எனக்கு அந்த மனஸ்தாபம் இன்னும் ஆறவில்லை.

இவ்வழக்கத்தின் அபத்தத்தை மூன்றே வாக்கியங்களில் நிரூபிக்க உத்தேசித்திருக்கிறேன். அதற்குமுன் 624001-இன் உண்மையான குணாதிசயங்களைச் சொல்லிவிடுவது அவசியம். 1972 ஆகஸ்டு 15 அன்று பின்கோடு அமலுக்கு வந்தபோது, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்துக்கு 6 என்று வைத்தவர்கள் ராகுவைக் கலந்தாலோசிக்கவில்லை. 790-இன் வர்க்கம் 624100 ஆகையால், இவ்வெண் பகா எண்தானா என்றறிய 790-க்கு உட்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இரண்டு, மூன்று, ஐந்து ஆகியவற்றுக்கு அசையாத இந்த எண் ஏழுக்கு உடனே வசப்பட்டு, 89143 என்னும் ஈவைத் தருகிறது. அதற்கப்புறமோ பிடிவாதம்! பதின்மூன்றால் வகுத்தால் இரண்டு மீதி. 43-ஆல் வகுத்தால் நான்கு மீதி. 83-க்கு வரும்போது, இதோ முடிந்தது என்று பேனாவை மூடப் போகையில், ஒன்றே ஒன்று மீதி நின்று பல்லிளிக்கிறது. 89-உம் தோற்றபின், இரவு உணவு ஆறி, இல்லாள் விளக்கை அணைத்துவிட்டுப் போன பின்னர், 97-இல் மீதியின்றி வகுபட்டு, 919 என்ற பகா எண்ணைப் பிரசவித்தது. ஆக, திண்டுக்கல் என்பது 7 × 97 × 919. காந்திகிராமத்தின் 624302-உம் ஏழால் வகுபடும். அதன் கூட்டுத்தொகை எட்டு என்பதற்காகச் சனி பகவான் அங்குள்ள பல்கலைக்கழகத்தின் கதவை இதுவரை தட்டியதாகத் தகவலில்லை.

கூட்டுத்தொகை சொல்வதெல்லாம் அந்த எண்ணை ஒன்பதால் வகுத்தால் வரும் மீதியை மட்டுமே. பத்து, நூறு, ஆயிரம் யாவும் ஒன்பதால் வகுபடும்போது ஒன்றையே மீதியாக விடுவதால் நேர்கிற சாமானிய விஷயம் இது. அப்படிப் பார்த்தால் ஒன்பது எண்களுக்கு ஒன்று ராகுவுக்குச் சொந்தம். அத்தனை சொத்துக்கும் அவர் எப்படி வரி கட்டுகிறாரோ! ஈரோட்டில் பிறந்த ராமானுஜனின் 1729 ஒரு விதத்தில் விலக்கு: அதன் இலக்கங்களைக் கூட்டினால் 19, அதைத் திருப்பிப் போட்ட 91-ஆல் பெருக்கினால் மறுபடி 1729.

இவ்வளவையும் திண்ணையில் உட்காரவைத்து அன்பருக்கு விளக்கினேன். நெற்றியைச் சுருக்கிக் கேட்டவர், “919 என்றீரே, அதைக் கூட்டினால் ஒன்று, சூரியன்! என் ஸ்கூட்டருக்கு அந்த நம்பர் கிடைக்குமா சார்?” என்றார்.