வட்டுப் பெருக்க இயல்

நூல் செய்வோர் பாயிரத்தில் எல்லை சொல்ல வேண்டும் என்பது மரபு. இதன் எல்லை வடக்கே அரசலாறு, கிழக்கே வங்கக்கடல், மேலே உப்புக்காற்று. ஊர், காரைக்கால் பிராந்தியத்தில் நிரவி கொம்யூனைச் சேர்ந்த விழிதியூர். நுதலிய பொருள், வீட்டு நாஸ் பெட்டியில் இருக்கும் 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் நான்கையும் கழற்றி 12 டெராபைட் நான்கை மாட்டுதல். கேட்போர், "இதுக்கு எவ்ளோ ஆச்சு?" என்று கேட்போர்.

இடம் ஏன் போதாமல் போகிறது என்பது முதல் ஆராய்ச்சி. மாங்கனித் திருவிழாவில் மாம்பழம் இறைப்பதை ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் ஐந்து போனில் எடுக்கிறார்கள். ஐந்தும் 4கே. ஐந்திலும் முன்னால் நின்றவரின் பின்மண்டை மிகத் தெளிவு. நான்கை அழிக்கலாமே என்றால், "கெடக்கட்டும்டா, என்னைக்காவது வேணும்" என்கிறார் அம்மா. வேலை என்பது அதற்கு ஒதுக்கிய நேரம் முழுவதையும் அடைத்துக்கொள்ளும் என்று பார்க்கின்சன் 1955இல் எழுதினார். அவர் விழிதியூர்ப் பக்கம் வந்திருந்தால் டிஸ்கையும் சேர்த்து எழுதியிருப்பார்.

முதல் ஹார்டு டிஸ்க் 1956இல் ஐபிஎம் கொண்டுவந்தது. 24 அங்குலத் தட்டுகள் ஐம்பது, ஒரு டன் எடை, கொள்ளளவு 50 லட்சம் எழுத்து. பாரிஸ் சித்தப்பா அனுப்பும் போட்டோ ஒன்று அதை ஏறக்குறைய நிரப்பிவிடும். அவர் ஒன்றோடு நிறுத்துபவர் அல்லர்.

பழையதிலிருந்து புதியதற்கு மாற்றும் இந்தத் தொழில் நமக்குப் புதிதும் அல்ல. ஓலை அரிக்குமுன் புது ஓலையில் பெயர்த்தெழுதிவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டவர்கள் நாம். புதுச்சேரியில் உள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. காலாகாலத்தில் யாரோ உட்கார்ந்து பெயர்த்தெழுதியதால் வந்த பெருமை அது. பெயர்த்தெழுதாமல் ஆற்றில் விட்டவற்றுக்குப் பட்டியல் இல்லை.

இனிச் செய்முறை. பெட்டியில் டிஸ்குகளைக் கட்டியிருக்கும் ரெய்டு 5 என்ற முறை, பங்காளிகளைப் போன்றது. நால்வரில் ஒருவர் வராவிட்டாலும், அவரிடம் என்னென்ன இருக்கிறது என்பதை மற்ற மூவரும் சேர்ந்து பைசா பிசகாமல் சொல்லிவிடுவார்கள். ஆகவே ஒரு டிஸ்கைக் கழற்றிப் புதியதை மாட்டினால், மற்ற மூன்றையும் படித்துப் பெட்டி தானாக அதை நிரப்பும். நொடிக்கு 150 மெகாபைட் என்று வைத்தாலும், பழைய டிஸ்கின் 4 டெராபைட்டை நிரப்ப ஒரு டிஸ்குக்கு ஏறத்தாழ ஏழரை மணி நேரம். திருநள்ளாறு இருக்கும் பிராந்தியத்தில் இந்த எண்ணை யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த நேரத்தில் இன்னொரு டிஸ்க் போனால் மொத்தமும் போகும். நான்கையும் ஒரே நாளில் வாங்கியிருந்தால் நான்குக்கும் ஒரே வயது, ஒரே தேய்மானம்.

முதல் டிஸ்க் மங்கு சனி. இரண்டாவது பொங்கு சனி. ஆனால் இடம் பொங்காது. மூன்றாவதன் பெயரை இங்கே எழுத வேண்டாம். நான்காவது ஏழரை பற்றிச் சோதிடம் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டி பெரும்பாலும் அதன் பிறகுதான் கூடுதல் இடத்தைத் தரும். 36 டெராபைட் வர வேண்டிய இடத்தில் 32.7 என்று காட்டினால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்: கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, கம்ப்யூட்டர் 1024 ஆக எண்ணுகிறது. யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்குவோருக்குப் பரிகாரம் கிடையாது.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்போர் உண்டு. ஒரு டிஸ்க் கெட்டால் ரெய்டு காப்பாற்றும். கைதவறி அழித்ததையும், இடி இறங்கிய பெட்டியையும், 2004 டிசம்பர் 26 போல வீட்டுக்குள் வரும் கடலையும் அது காப்பாற்றாது. எனவே, வேலை முடிவதற்குமுன் பழைய டிஸ்க் நான்கையும் எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடாதீர்கள். முடிந்ததும் முக்கியமானவற்றை அவற்றில் ஏற்றி, கடலுக்கு எட்டாத கும்பகோணத்தில் அத்தை வீட்டு பீரோவில் வைத்துவிடுங்கள். அத்தையிடம் உள்ளே என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டாம். அவரிடமும் ஒரு மாங்கனி வீடியோ இருக்கிறது.