தலைப்பாகைக்கு வந்தது தலையோடு போனது

வேலூர்க்காரர்களுக்கு ஒரு தீராக் குறை உண்டு. மீரட்டுக்கு ஐம்பத்தோரு வருஷம் முன்னாலேயே, 1806 ஜூலை 10-ஆம் தேதி, நம்மூர்க் கோட்டையில் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துவிட்டார்கள். ஆனாலும் முதல் சுதந்திரப் போர் என்றால் எல்லோரும் வடக்கே பார்த்துத்தான் கும்பிடுகிறார்கள். இந்தக் குறையை அவரவர் ஒரு விதமாக ஆற்றிக்கொள்கிறோம். சிலர் வருஷா வருஷம் மக்கான் பக்கத்து நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறார்கள். சிலர் 2006-ல் வெளியான இருநூறாவது ஆண்டு அஞ்சல்தலையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள். நான் அந்தக் கலகத்தைப் பற்றி அச்சான பழைய பிரசுரங்களைச் சேர்க்கிறேன்.

அயர்லாந்தில் இது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. அங்கே 1798-ல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுந்த கிளர்ச்சிக்காரர்கள் அச்சடித்துப் பரப்பிய குடியரசுப் பிரசுரங்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்குவார்கள். வுல்ஃப் டோன் என்ற வக்கீல் 1791-ல் கத்தோலிக்கர்களுக்காக ஒரு சிறுநூல் எழுதினார். அதே வருஷம் பெல்ஃபாஸ்டில் ‘ஐக்கிய அயர்லாந்தியர்’ சங்கம் பிறந்தது, பத்திரிகை நடத்தினார்கள், 1797-ல் சிப்பாய்கள் புகுந்து அச்சுக்கூடத்தை நொறுக்கினார்கள், அடுத்த வருஷம் கிளர்ச்சி. ஆக, முதலில் படிக்கக் கொடுத்துவிட்டு அப்புறம் அடித்துக்கொண்டார்கள். வேலூரில் எல்லாம் தலைகீழ். முதலில் அடிதடி, அப்புறம்தான் அச்சு. அதையும் எழுதியவர்கள் எல்லாம் எதிர்க்கட்சி.

இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு ஆசாமி இருக்கிறார். சர் ஜான் கிரடாக், டப்ளின் ஆர்ச்பிஷப்பின் மகன். 1798-ல் அயர்லாந்தில் குவார்ட்டர்மாஸ்டர் ஜெனரல், வினிகர் ஹில் சண்டையில் கிளர்ச்சிக்காரர்களை ஒழித்த படையில் இருந்தவர். அந்தக் காலத்து அயர்லாந்தில் தலைமயிர் ஒரு அரசியல் பிரச்சினை. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்களைப் பார்த்து இளைஞர்கள் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டார்கள். கிராப்புத் தலை தெரிந்தால் ராஜத்துரோகி என்று பிடித்துப்போவார்கள். கொதிக்கும் தாரைத் தொப்பியில் ஊற்றித் தலையில் அமுக்கி, ஆறியதும் தோலோடு பிய்த்தெடுப்பது அங்கே வழக்கமாக இருந்த தண்டனை. கிரடாக் தன் கையால் இதைச் செய்தார் என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்தவன் தலை அரசாங்கச் சொத்து என்கிற எண்ணம் அந்தக் காற்றிலேயே இருந்தது.

அந்தக் காற்றைச் சுவாசித்தவர்தான் சென்னை ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியாக வந்து சேர்ந்தார். வந்தவர் கண்ணில் சிப்பாய்களின் தலைப்பாகை உறுத்தியது. 1805 நவம்பரில் புதுத் தலைப்பாகைக்கு உத்தரவு. பார்ப்பதற்கு வெள்ளைக்காரன் தொப்பி மாதிரி, முன்னால் தோலால் செய்த குஞ்சம். 1806 மார்ச்சில் அடுத்தது: அணிவகுப்பில் நாமம், விபூதி கூடாது, கடுக்கன் கூடாது, தாடையை மழிக்க வேண்டும், மீசை எல்லோருக்கும் ஒரே அளவு. இந்துவுக்கு விபூதி போயிற்று, முஸ்லிமுக்குத் தாடி போயிற்று, இரண்டு பேர் தலையிலும் எந்த மிருகத்தினுடையது என்று தெரியாத தோல். மத நல்லிணக்கத்தை ஒரே உத்தரவில் உண்டாக்கிய நிர்வாகியை இந்திய வரலாறு அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மே மாதமே வேலூரில் நான்காம் ரெஜிமெண்டின் ஒரு படைப்பிரிவு தொப்பியை மாட்ட மாட்டேன் என்றது. இருபத்தோரு பேரைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்தார்கள். இரண்டு பேருக்குத் தலா 900 கசையடி. ஒருவர் இந்து, ஒருவர் முஸ்லிம்; இட ஒதுக்கீட்டில் கிழக்கிந்தியக் கம்பெனி குறை வைக்கவில்லை. மீதிப் பத்தொன்பது பேர் மன்னிப்புக் கேட்டுத் தப்பினார்கள்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தவர் முஸ்தபா பேக் என்ற சிப்பாய். ஜூன் மாதத்திலேயே தன் அதிகாரி கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், “ஐயா, கலகம் வரப்போகிறது” என்று சொல்லிவிட்டார். ஃபோர்ப்ஸ் சும்மா இருக்கவில்லை, கமிட்டி போட்டார். யாரைப் பற்றிப் புகாரோ அவர்களே, அதாவது இந்திய அதிகாரிகளே, கமிட்டி. அவர்கள் முஸ்தபா பேக்குக்குப் பைத்தியம் என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்து அவரை அடைத்து வைத்தார்கள். கலகம் முடிந்ததும் பைத்தியம் தெளிந்துவிட்டதாகக் கண்டு 2000 வராகன் பரிசு கொடுத்தது கம்பெனி.

ஜூலை 9-ஆம் தேதி கோட்டைக்குள் திப்புவின் மகள் கல்யாணம். திப்பு குடும்பத்தை அங்கேதான் காவலில் வைத்திருந்தார்கள். விடிவதற்கு முன் சிப்பாய்கள் எழுந்து, 69-ஆம் ரெஜிமெண்ட் வெள்ளையர்களைப் படுக்கையிலேயே சுட்டார்கள். நூற்றுக்கும் மேல் செத்தார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட்டும் போனார். கொடிமரத்தில் திப்புவின் புலிக்கொடி ஏறியது. இதுவரை சரி. அதற்கப்புறம் என்ன செய்வது என்று யாரும் யோசித்துவைக்கவில்லை. ஒரு கூட்டம் கொள்ளைக்குப் போயிற்று, வெளிக்கதவைச் சரியாகச் சாத்தக்கூட ஆளில்லை.

ஆற்காட்டில் இருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்தவர் ரோலோ கில்லெஸ்பி. இவரும் அயர்லாந்துக்காரர், டவுன் மாவட்டத்துக் கோம்பர் ஊர். முந்தின இரவே ஃபேன்கோர்ட் வீட்டு விருந்துக்கு வந்து தங்க வேண்டியவர், கடிதம் ஏதோ வந்து நின்றுவிட்டார் என்று அவர் சரித்திரம் எழுதியவர்கள் சொல்வார்கள். கடைசிக் கதவு திறக்காததால், மேலே உயிரோடு இருந்த வெள்ளையர்கள் கயிறும் ஒரு சார்ஜெண்டின் இடுப்புக் கச்சையும் தொங்கவிட, அதைப் பிடித்துச் சுவர் ஏறினார். பிறகு பீரங்கியால் கதவை உடைத்தார்கள். நடந்ததைக் கிண்டலாக எழுத எனக்கு வரவில்லை. ஏறக்குறைய 350 சிப்பாய்கள் செத்தார்கள். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு பேரைச் சுவரோடு நிறுத்திச் சுட்டார்கள். விசாரணைக்குப் பிறகு ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள். கில்லெஸ்பிக்குக் கோம்பரில் சிலை இருக்கிறது.

இனிமேல்தான் என் அலமாரியின் கதை. சென்னைக் கவர்னர் வில்லியம் பெண்டிங்கும் கிரடாக்கும் 1807-ல் வேலை போய் ஊர் திரும்பினார்கள். தொப்பி உத்தரவு யாருடையது? தளபதி சொன்னார், அனுபவஸ்தர்களைக் கேட்டுத்தான் செய்தேன் என்று. கவர்னர் சொன்னார், பழைய விதிகளுக்கு நடுவே புது விதியைச் சொருகி என்னிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று. பெண்டிங் இதை ஒரு பெரிய விண்ணப்பமாக எழுதி 1810-ல் அச்சே போட்டுவிட்டார். கோப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பதை இவ்வளவு கம்பீரமாக எழுதிய அதிகாரி வேறு யாரும் இல்லை. பிற்பாடு அவரையே கவர்னர் ஜெனரலாக அனுப்பினார்கள்.

ஆனால் லண்டனில் பெரிய சண்டை தொப்பியைப் பற்றி இல்லை, பைபிளைப் பற்றி. 1807-ல் தாமஸ் ட்வைனிங் என்பவர் கம்பெனி சேர்மனுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் அச்சிட்டார். ஆமாம், அதே டீத்தூள் குடும்பம்தான். பாதிரிகளும் பைபிள் சங்கமும் இந்தியாவில் மூக்கை நுழைத்தால் இந்தியாவே கைவிட்டுப் போகும், வேலூரைப் பார்த்தீர்களா என்பது அவர் கட்சி. தேயிலைக் குடும்பத்துக்குக் கிழக்கில் அமைதி வேண்டாமா? அடுத்து மேஜர் ஸ்காட் வேரிங், இங்கிலீஷ் பாதிரிகளை எல்லாம் திரும்பக் கூப்பிடு என்றார். கெட்டரிங் ஊர்ப் பாப்டிஸ்ட் பாதிரி ஆண்ட்ரூ ஃபுல்லர் 1808-ல் மறுப்பு எழுதினார். ‘வங்காள அதிகாரி ஒருவர்’ என்ற பெயரில் இந்து மதத்துக்கு வக்காலத்து வாங்கி ஒரு நூல் வந்தது. எழுதியவர் தினமும் கங்கையில் முழுகி, சாமி சிலை சேர்த்துவைத்த சார்லஸ் ஸ்டூவர்ட். சிட்னி ஸ்மித், தானே ஒரு பாதிரி, பாப்டிஸ்ட் பாதிரிகளைச் செருப்புத் தைக்கிறவர்கள் என்று எடின்பரோ பத்திரிகையில் எள்ளினார். அந்தப் பாப்டிஸ்ட் பாதிரிகளில் ஒருவரான வில்லியம் கேரி உண்மையாகவே செருப்புத் தைத்தவர்தான். தோல் தொழிலே பிழைப்பான எங்கள் ஆம்பூர்ப் பக்கம் வந்து இந்தக் கேலியைச் செய்திருந்தால் ஸ்மித் முழுசாகத் திரும்பியிருக்க மாட்டார். அன்றைக்கு நம் தலையில் தோலை வைத்தவர்களின் ஊருக்கு இன்றைக்குக் காலுக்குத் தோல் அனுப்புகிறோம்.

இவர்களில் ஒருவரும் கலகத்தன்று வேலூரில் இல்லை. கேரி இருந்தது வங்காளத்துச் செராம்பூரில். பாதிரிக்கும் தொப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தெரியவில்லை என்பதால்தான் இத்தனை பக்கம் எழுத முடிந்திருக்கிறது. கடைசியில் 1813 சாசனச் சட்டம் பாதிரிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதன் பலன் என் வீட்டு வாசலிலேயே தெரிகிறது. அமெரிக்க மிஷனரிக் குடும்பத்து ஐடா ஸ்கடர் 1900-ல் வேலூரில் ஒரு கட்டில் போட்டு வைத்தியம் ஆரம்பித்தார். 1918-ல் மருத்துவப் பள்ளி, அப்புறம் பாகாயத்து மலையடியில் சி.எம்.சி. கல்லூரி வளாகம். பாதிரி வந்தால் வேலூர் பற்றி எரியும் என்று எழுதிய ட்வைனிங், இங்கே ஆட்டோ பிடிக்க நிற்கும் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்திருந்தால் டீ தொண்டையில் இறங்கியிருக்காது.

மூலப் பிரதிகள் லண்டன் ஏலத்தில் பவுனுக்குப் போகும். என்னுடையவை எல்லாம் பாகாயத்து ஜெராக்ஸ் கடையில் பிறந்தவை, ஸ்பைரல் பைண்டிங், மேலே நீலக் காகிதம். கடைப் பையன் ஒருநாள் அடுக்கைத் தட்டிக்கொண்டே கேட்டான்: “இன்னா சார், தொப்பிக்கோசரமா இம்மாம் பேப்பரு?” அப்புறம், “இதுல நம்ம ஆளுங்க எழுதுனது எது?”

சிப்பாய்கள் எழுதியது ஒன்றும் இல்லை. அவர்கள் பேச்சு இருப்பது விசாரணைக் குறிப்புகளில், அதுவும் இங்கிலீஷில், தூக்குக்கயிற்றுக்கு முன்னால் நின்று சொன்ன வாக்குமூலமாக. நம் தரப்புப் பிரசுரம் வேண்டுமென்றால் ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும். 1801 ஜூனில் சின்ன மருது திருச்சிக் கோட்டைச் சுவரிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டிய அறிக்கை. எல்லாச் சாதியாரும் வெள்ளையனை விரட்டச் சேருங்கள் என்கிறது. பிரதி எடுத்துப் பரப்புங்கள் என்கிறது. இந்தக் காகிதத்தைச் சுவரிலிருந்து எடுக்கிறவனுக்குப் பஞ்சமாபாதகம் செய்த பாவம் சேரும் என்றும் முடிகிறது. சேகரிப்பவன் வயிற்றில் புளியைக் கரைக்கிற வரி. நல்லவேளை, அந்தப் பாவத்தை முதலிலேயே கம்பெனி தலையில் கட்டிக்கொண்டு அறிக்கையைக் கோப்பில் சேர்த்துவிட்டது. எனக்கு மிஞ்சியது பிரதி எடுக்கிற புண்ணியம்தான். அதற்கும் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கேட்கிறான் பையன்.