மொய்க்கு ஒரு ஆப்

ஆண்ட்ராய்டு போனில் டெவலப்பர் ஆவதற்குப் படிப்பு எதுவும் தேவையில்லை. செட்டிங்ஸுக்குள் போய், போனைப் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்தால் பில்டு நம்பர் என்று ஒரு வரி இருக்கும். அதை ஏழு தடவை தட்ட வேண்டும், அவ்வளவுதான். பாதித் தட்டிலேயே போனுக்கு உற்சாகம் வந்து, இன்னும் மூன்று, இன்னும் இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிடும். ஏழாவது தட்டில் ‘இப்போது நீங்கள் ஒரு டெவலப்பர்’ என்று அறிவிக்கும். சில கம்பெனி போன்களில் தட்ட வேண்டிய வரி வேறு. தட்டு மட்டும் ஏழுதான். இத்தனை சுருக்காக என்னை யாரும் எதற்கும் அங்கீகரித்தது கிடையாது. மனைவியிடம் காட்டினேன். “சரி, அப்படியே கேஸ் புக் பண்ணிடுங்க” என்றாள்.

தட்டச் சொன்னவன் அக்கா மகன். இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. “மாமா, நீங்க பாட்டுக்கு வெளியூர் ஆப்பைப் பார்த்துக் காப்பியடிக்காதீங்க. உங்களுக்கு என்ன வேணுமோ அதைச் செய்யுங்க, அப்பத்தான் கத்துக்குவீங்க” என்றான். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மொய் நோட்டு.

எங்கள் மதுரைப் பக்கம் மொய் என்பது அன்பளிப்பு அல்ல, வட்டியில்லாக் கடன். யார் யாருக்கு எப்போது எவ்வளவு செய்தார்கள் என்ற நோட்டு, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கும். பத்திரிகை வைத்தவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் அந்த நோட்டு வெளியே வந்துவிடும். இப்போது மண்டப வாசலிலேயே கம்ப்யூட்டர் வைத்து, மொய் வைத்தவர் கையில் ரசீதே கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அது விழா வீட்டாரின் கணக்கு. நாம் ஊர் ஊராகப் போய்ச் செய்த கணக்குக்கு நோட்டுதான் கதி. அதைப் போனுக்குள் ஏற்றிவிட்டால் என்ன?

ஐபோனா ஆண்ட்ராய்டா என்ற கேள்வி பணத்தாலேயே தீர்ந்தது. ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் வெளியிட ஆண்டுக்கு 99 டாலர் சந்தா, ஆப்பைக் கட்டி முடிக்க ஒரு மேக் வேறு. கூகுள் பிளேயில் ஒரே தடவை 25 டாலர். மொய் வாங்கியே பழகிய கைக்கு இரண்டாவதுதான் தாங்கும்.

ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ இலவசம். ஆனால் அது என் லேப்டாப்புக்குள் வந்து உட்கார்ந்ததும், வேறு எதற்கும் உட்கார இடமில்லை. எமுலேட்டர் என்று ஒன்று உண்டு. கணினித் திரையிலேயே ஒரு பொய் போனை ஓடவைப்பது. அதை ஓடவிட்டதும் லேப்டாப் விசிறி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர், மிக்ஸி ரிப்பேரா என்று கேட்டார். மருமகன் ஒரு கேபிளை எடுத்து என் நிஜ போனையே சொருகினான். இதற்குத்தான் அந்த ஏழு தட்டு: அதற்குப் பிறகுதான் யுஎஸ்பி டிபக்கிங் என்ற கதவு திறக்கும்.

மொழி கோட்லின். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு எதிரே கடலில் இருக்கும் ஒரு தீவின் பெயர். ஜெட்பிரெயின்ஸ் கம்பெனி 2011-இல் அறிமுகப்படுத்தியது. 2017-இல் கூகுள் அதை ஆண்ட்ராய்டுக்கு ஏற்றுக்கொண்டு, 2019-இல் இனி இதற்குத்தான் முதல் மரியாதை என்றும் சொல்லிவிட்டது. எனக்குத் தெரிந்தவரை நல்ல மொழி. என்ன, நம் வீட்டுப் பெரியவர்களைப் போல, எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் விடும்.

முதல் சிக்கல் பெயரில் வந்தது. கணக்கைச் சேமிக்க ஒவ்வொரு ஆண்ட்ராய்டு போனுக்குள்ளும் எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ் உட்கார்ந்திருக்கிறது. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000-இல் வெளியிட்டது. அதில் ஒவ்வொரு வரிக்கும் இன்னொருவருக்கு இல்லாத தனி அடையாளம் வேண்டும், பிரைமரி கீ. “பேரையே வச்சிருவோமா மாமா?” என்றான். எங்கள் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஒரு தாத்தாவுக்கு எத்தனை பேரனோ அத்தனை பேர் அதே பெயரில், அதே இன்ஷியலில்கூட, சுற்றிக்கொண்டிருப்பார்கள். நோட்டில் அவர்களை டீக்கடை, மிலிட்டரி, கிணத்துமேடு, ரெண்டாந்தாரத்து மகன் என்று பிரித்திருக்கிறோம். கடைசியாகச் சொன்ன கீயை நானே டைப் செய்யத் துணியவில்லை. ஆளுக்கொரு நம்பரைக் கணினியே போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்தது தொகை. அதற்கு இன்ட் என்று எழுதிவைத்திருந்தோம்; அதாவது முழு எண் மட்டும். அக்கா பழைய நோட்டைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தாள். ஐந்நூத்தி ஒண்ணு, ஆயிரத்து ஒண்ணு, கிடா ஒண்ணு, பித்தளை அண்டா ஒண்ணு. இன்ட்டுக்குள் கிடா போகவில்லை. விலை போட்டு ரூபாயாக்கிவிடலாம் என்றேன். “எந்த வருஷத்து விலை?” என்றாள் அக்கா. “கிடாய்க்குக் கிடாதான் திருப்பணும். அதென்ன ரூபா?” மருமகன் என்னைப் பார்த்து, “மாமா, இது பிசினஸ் லாஜிக். நீங்களும் அம்மாவும் பேசி முடிவெடுங்க” என்று எழுந்து போய்விட்டான். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. புரோகிராமில் சைபர் வேறு, ஒன்றுமே இல்லாதது வேறு. இரண்டாவதற்கு நல் என்று பெயர். இல்லாததை இருப்பதாக நினைத்துத் தொட்டால் ஆப் அந்த இடத்திலேயே விழுந்துவிடும். 1965-இல் இதைக் கொண்டுவந்த டோனி ஹோர் என்ற பிரிட்டிஷ் அறிஞரே, 2009-இல் மேடையேறி, இது தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார். கோட்லினில் காலியாக இருக்கக்கூடிய எதற்கும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டே ஆக வேண்டும். படிக்கிற பையன்களுக்கு இது புரிய நாளாகுமாம். எனக்கு உடனே புரிந்தது. பத்திரிகையே வைக்காததால் வராதவர், நல். வந்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, ரசத்தை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனவர், சைபர். இந்த இருவரையும் ஒரே கட்டத்தில் போடுகிறவன் மொய்க் கணக்கு எழுத லாயக்கில்லை.

போனைச் சாய்த்தால் திரை திரும்பும் அல்லவா? அப்படித் திரும்பும்போது ஆண்ட்ராய்டு பழைய திரையை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுகிறது. பந்தி மாறும்போது பாதிச் சாப்பாட்டில் இலையை எடுப்பதுபோல, பாதி அடித்த பெயரும் தொகையும் போய்விடும். இந்தக் காலத்து முறையில் ‘ரிமெம்பர்’ என்று எழுதினால் திரை திரும்பும்வரைதான் ஞாபகம் வைத்திருக்கும். திரும்பிய பிறகும் வேண்டுமென்றால் ‘ரிமெம்பர் சேவபிள்’ என்று எழுத வேண்டும். இரண்டாவது வகைதான் எங்கள் அத்தை.

ஒருவழியாக ஆப் ஓடியது. 25 டாலர் கட்டியாயிற்று. வெளியிடலாம் என்று போனால் ஒரு விதி. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கு என்றால், முதலில் ஆட்களை வைத்து மூடிய சோதனை நடத்த வேண்டும். ஆரம்பத்தில் 20 பேர் கேட்டார்கள். 2024 டிசம்பரில் 12 ஆகக் குறைத்தார்கள். பன்னிரண்டு பேரும் 14 நாள் இடைவிடாமல் சோதனையில் இருக்க வேண்டும். குப்பை ஆப்புகளை வடிகட்ட நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல முடியாது. ஆனால் கோட்லின் படித்ததெல்லாம் எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் லிங்க்கைப் போட்டேன். கும்பிடும் கை படங்கள் வந்து குவிந்தன, ஒருவரும் சேரவில்லை. போன் செய்தேன். “லிங்க்கைத் தொடாதேன்னு பேங்க்காரன் தினமும் மெசேஜ் அனுப்புறான், நீ தொடுங்குற” என்றார் பெரியப்பா. அத்தைக்குத் தன்னிடம் ஜிமெயில் இருப்பதே தெரியாது. போன் விற்ற கடைப் பையன் தன் பெயரிலேயே உருவாக்கிக் கொடுத்திருக்கிறான். அவன் இப்போது துபாயில். மச்சான் உடனே சேர்ந்தார். மறுநாளே, காலை வணக்க வீடியோக்களுக்கு இடம் போதவில்லை என்று ஆப்பை அழித்துவிட்டார்.

தலையை எண்ணிப் பன்னிரண்டு பேரைச் சேர்த்ததே பெரும்பாடு. இவர்கள் தினமும் திறந்து பார்க்க வேண்டுமே என்ற கவலையைத் தீர்த்துவைத்தவர் சித்தப்பா. ஆப் காலியாகத் தெரியக் கூடாது என்று மருமகன் மாதிரிக் கணக்கு கொஞ்சம் போட்டுவைத்திருந்தான். அதில் ஒரு வரி: சித்தப்பா, மேலூர், ரூபாய் 101.

“ஐயாயிரத்து ஒண்ணு வச்சேன்டா! கூட அண்டா வேற!” சித்தப்பாவின் குரலுக்குப் போன் தேவையே இல்லை. இது மாதிரிக் கணக்கு சித்தப்பா என்று சொல்லிப் பார்த்தேன். “அப்ப மாதிரிக்காகவாவது கூடப் போட வேண்டியதுதான?” என்றார். செய்தி பரவியது. சித்தப்பாவுக்கே 101 என்றால் நமக்கு என்ன எழுதியிருக்கிறானோ என்று பெரியப்பா லிங்க்கைத் தொட்டார். அத்தை பேத்தியை வைத்து உள்ளே வந்தாள். மச்சான் வீடியோக்களை அழித்துவிட்டு ஆப்பை மறுபடி இறக்கினார். காலையில் பல் விளக்குமுன் ஒரு தடவை, ராத்திரி சீரியல் இடைவேளையில் ஒரு தடவை, திருத்தியாயிற்றா என்று எல்லோரும் திறந்து பார்த்தார்கள்.

“மாமா, ஒரு வரிதான், இப்பவே மாத்திரட்டுமா?” என்று மருமகன் கேட்டான்.

“பதினாலு நாள் முடியட்டும் மாப்ள” என்றேன்.

சோதனையாளர்கள் டெவலப்பருக்கு மட்டும் தெரிகிற மாதிரி கருத்து எழுதி அனுப்ப ஒரு வசதி உண்டு. அதில் சித்தப்பாவிடமிருந்து தினமும் ஒன்று வந்தது. கடைசியாக வந்தது இது: “ஆப் நல்லா வேலை செய்யுது. திருப்பினாலும் அழியலை. 101-உம் அழியலை.”